புனித குழந்தை தெரேசாவின் ஒறுத்தல் மணிமாலை: மணிகள் நழுவாமல் கோப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மறைக்கல்வி வகுப்பில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். அக்டோபர் 1 அன்று வரும் புனித குழந்தை தெரேசாவின் திருநாளுக்கு, வழக்கமான காகித ரோஜாவை விட்டுவிட்டு, அவரே சிறுவயதில் வைத்திருந்த ஒறுத்தல் மணிமாலையைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்க விரும்புகிறேன். ஒறுத்தல், அதாவது கடவுளுக்காகச் செய்யும் சிறு தியாகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணியை நகர்த்தி எண்ணும் மாலை இது. மாதிரிக்குக் கோத்த மாலையில், மேலே தள்ளிய மணி அங்கே நிற்காமல் இறங்கிவிடுகிறது. இதற்கு என்ன வழி? யார் அதிக மணிகளை நகர்த்தினார் என்ற போட்டி பிள்ளைகளிடையே வந்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

மறுமொழி 1

கயிற்றின் இரு முனைகளையும் ஒரே பக்கமாக நுழைத்தால் மணி நழுவத்தான் செய்யும். கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பில் சிறு பதக்கத்தை மாட்டுங்கள். பிறகு ஒவ்வொரு மணியிலும் ஒரு முனையை இடப்புறமிருந்தும் மறுமுனையை வலப்புறமிருந்தும் எதிரெதிராக நுழைத்து இறுக்குங்கள். துளைக்குள் இரு இழைகளும் உரசிக்கொள்வதால், மணி விட்ட இடத்திலேயே நிற்கும். விரலால் தள்ளினால் மட்டுமே நகரும். பத்து மணிகள் போதும். மணிகள் நகர்வதற்குச் சில அங்குலம் இடம் விட்டுச் சிலுவையைக் கட்டி முடிச்சிடுங்கள். கயிறு மெல்லியதாக இருந்தால் எந்த முறையும் பலிக்காது. இரண்டு இழைகள் சேர்ந்து துளையை நிறைக்க வேண்டும். கயிற்று முனையில் ஒட்டுநாடாவை இறுகச் சுற்றிக் கொடுத்தால், பிள்ளைகள் ஊசியில்லாமலே கோத்துவிடுவார்கள்.

மறுமொழி 2

போட்டியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதற்கு விடை தெரேசாவின் வாழ்விலேயே இருக்கிறது. 1873இல் பிரான்சின் அலென்சோன் நகரில் பிறந்த அவர், நான்கு வயதையொட்டிய பருவத்திலேயே இம்மாலையைப் பயன்படுத்தினார். சிறு ஒறுத்தல் ஒன்றைச் செய்யும்போதெல்லாம், மணியை இழுப்பதற்காக அவர் சட்டைப்பைக்குள் கைவிடுவதைத் தாய் செலி கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். மாலை இருந்த இடம் சட்டைப்பை என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். பைக்குள் இருந்தால் யார் எத்தனை மணி நகர்த்தினார் என்பது பிறர் கண்ணில் படாது, போட்டிக்கும் இடமில்லை. ஆகவே கழுத்திலோ கையிலோ அணியும் அளவில் செய்யாமல், பைக்குள் அடங்கும்படி செய்வதே பொருத்தம்.

எது ஒறுத்தல் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பின்னாளில் துறவியாக வாழ்ந்த கார்மேல் மடத்தில் துணி துவைக்கும்போது எதிரே இருந்த சகோதரி அறியாமல் அழுக்கு நீரைத் தம் முகத்தில் தெறிக்கவிட்டபோதும், தெரேசா முகம் சுளிக்காமல் அதை ஏற்றுக்கொண்டார். அந்த நிகழ்ச்சியைச் சொன்னால் அவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் அடுத்த வாரம் வகுப்பில் கணக்குக் கேட்க வேண்டாம் அல்லவா?

மறுமொழி 2

வேண்டவே வேண்டாம். இரவு செபத்தின்போது பிள்ளைகளே மணிகளைப் பழைய இடத்திற்குத் தள்ளிவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்கட்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மாலையை எட்டாத இடத்தில் வைக்கும்படி பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள். மணி தொண்டையில் சிக்கக்கூடும்.