ஆச்சியின் பாம்படமும் கலங்கிய படமும்

எங்கள் ஆச்சியைக் காட்டும் புகைப்படம் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் கலங்கிய படம். எழுபதுகளின் நடுவில், கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரில், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சியைச் சித்தப்பா தம்முடைய ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தார். 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள் விழும் அந்தக் கேமராவில் ஷட்டரின் வேகத்தைக் கூட்ட வழியில்லை. ஏறத்தாழ நொடியில் 30இல் ஒரு பங்கு நேரம் அது திறந்திருக்கும் என்பதால், அழுத்துகிற விரல் கேமராவையும் சேர்த்து அழுத்திவிட்டால் படம் போயிற்று. அந்தக் காலத்து வீட்டுப் படங்கள் பல கலங்கியிருப்பதற்குப் படம் எடுத்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

சட்டமிட்டு மாட்டியிருந்த பிரிண்ட், பல மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டின் மேற்பரப்பில் ஜெலட்டின் இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். நான் கொண்டுபோன ஸ்டுடியோவில், தண்ணீரில் ஊறவைத்து உரித்துத் தருவதாகச் சொன்னார்கள். சில வேளைகளில் உரிந்து வருவதுண்டு. வராதபோது முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும் என்பதால், வேண்டாம் என்று சொல்லி எடுத்துவந்துவிட்டேன். கண்ணாடியோடேயே படமெடுத்தேன்: ஃபிளாஷைத் தவிர்த்து, இருபுறமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் பிரதிபலிப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

அந்தப் பிரதியை அண்ணன் மகன் ஒரு கைப்பேசிச் செயலியில் போட்டான். சில நொடிகளில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. கண்ணிமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் ஆச்சியின் வடிகாது காணாமல் போயிருந்தது. தோளைத் தொடும் அளவுக்கு நீண்டு தொங்கிய காது மடலைச் செயலி கழுத்தின் நிழலாக எடுத்துக்கொண்டு அழித்திருந்தது. பாம்படம் என்ற காதணி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, அதற்கு மேலே ஒரு சிறிய முத்துத் தோடு முளைத்திருந்தது. கன்னத்துச் சுருக்கங்களையும் அது பாதிக்குமேல் நீவிவிட்டிருந்தது. படத்தைப் பார்த்த அத்தை, “யாரு இது? எங்க அம்மை இல்லையே” என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இத்தகைய செயலிகள் கலக்கத்தை நீக்குவதில்லை. பல்லாயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய நிரல், மங்கலாகத் தெரிவதோடு பொருந்தக்கூடிய ஒரு முகத்தைப் புதிதாக வரைந்து தருகிறது. 2020இல் பல்ஸ் என்ற நிரலிடம் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது பரவலாகப் பேசப்பட்டது. பழகிய முகங்களில் இல்லாத ஒன்றை அது வரைய முடியாது. வடித்த காதில் பாம்படம் போட்ட கிழவிகளின் முகங்கள் அதற்குக் காட்டப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு சித்தப்பாவின் தகரப் பெட்டியில், பட்டர் பேப்பர் உறைக்குள் நெகட்டிவ் கிடைத்தது. பழைய படத்தோடு போராடுகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது, நெகட்டிவைத் தேடுங்கள் என்பதுதான். பிரிண்டில் வெறும் கறுப்பாகிப்போன நிழல்களும் வெளுத்துப்போன வெளிச்சங்களும் நெகட்டிவில் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஓரங்களில் பூஞ்சை பிடித்திருந்தாலும் முகம் தப்பியிருந்தது. அதை ஒளிப்பெட்டியின் மேல் வைத்து, நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸால் படமெடுத்து, கணினியில் நிறம் மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கலக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்று புரிந்தது. திண்ணைத் தூணின் நெடுங்கோடுகள் ஓரளவு கூர்மையாக இருந்தன. படியின் குறுக்குக் கோடுகள் மட்டும் கரைந்திருந்தன. ஃபோகஸ் தவறியிருந்தால் எல்லாக் கோடுகளும் ஒன்றுபோலக் கலங்கியிருக்கும். கேமரா கீழ்நோக்கி அசைந்திருக்கிறது.

எவ்வளவு அசைந்தது, எந்தச் சாய்வில் அசைந்தது என்பதைப் பாம்படமே காட்டிக்கொடுத்தது. அரக்கை உள்ளே வைத்துத் தங்கத் தகட்டால் செய்யும் அந்த நகைக்குப் பட்டையான முகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் வெயில் பட்டுத் தெறித்த புள்ளி, படத்தில் புள்ளியாக இல்லாமல், செங்குத்திலிருந்து இலேசாகச் சாய்ந்த ஒரு சிறு கோடாக விழுந்திருந்தது. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கேமரா போன வழி அந்தக் கோடுதான். ஒரு புள்ளி எப்படிச் சிதறியது என்று தெரிந்துவிட்டால், மற்றப் புள்ளிகளும் அப்படியே சிதறியிருக்கும் என்று கொண்டு கணக்கைப் பின்னோக்கிப் போடலாம். ரிச்சர்ட்சன் என்பவர் 1972இலும் லூசி என்பவர் 1974இலும் தனித்தனியே வகுத்த முறை இத்தகையதே; 1990இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் ஆடியில் இருந்த பிழையால் படங்கள் கலங்கியபோது, 1993 இறுதியில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும் வரை, வானியலாளர்கள் இந்த வகைக் கணக்குகளைக் கொண்டே படங்களைத் தெளிவாக்கினார்கள்.

எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஃபோட்டோஷாப்பில் உள்ள, படத்தைக் கூர்மையாக்கும் ஸ்மார்ட் ஷார்ப்பன் என்ற கருவியில் அசைவுக் கலக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பாம்படத்துக் கோட்டின் சாய்வையும் நீளத்தையும் கொடுத்தேன். கூர்மையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளை வளையங்கள் கிளம்பும். ஃபிலிமின் குருணையும் மணல் கொட்டியதுபோல் எழும்பும். வளையம் தலைகாட்டுகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடவேண்டும். கிடைத்தது பளிச்சென்ற படமன்று. கண்ணிமை மயிர் தெரியவில்லை. ஆனால் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரிந்தது, வாயோரத்துச் சுருக்கம் தெரிந்தது, பாம்படத்தின் முகங்கள் பிரிந்து தெரிந்தன. அத்தைக்கு அது போதுமாக இருந்தது.

பிரிண்ட் போடும்போது பெரிதாக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. மீதமிருக்கும் கலக்கம் அஞ்சலட்டை அளவில் கண்ணில் படுவதில்லை. சுவரை நிறைக்கும் அளவில் அது மட்டுமே தெரியும். திருத்தாத நெகட்டிவ் பிரதியைத் தனியே, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல முறை வந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்கலாம். செயலி தந்த முகத்தையும் அழிக்கவில்லை, கோப்பின் பெயரில் ‘கற்பனை’ என்று சேர்த்திருக்கிறேன். அண்ணன் மகன் அதற்கு முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டதால், சென்னையில் இருக்கும் பெரியப்பா வீட்டில் முத்துத் தோடு போட்ட அந்தப் பெண்மணிக்குத்தான் இப்போது மாலை போட்டிருக்கிறார்கள்.