வியாழக்கிழமை டிவி இல்லாத ஐஸ்லாந்து: நல்ல ஏற்பாடா, திணிப்பா?

கடலோடி:

ஐஸ்லாந்தில் அரசுத் தொலைக்காட்சி 1966 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. அதற்கப்புறம் 21 வருஷம், வியாழக்கிழமை என்றால் ஒளிபரப்பு கிடையாது. 1983 வரும் வரை ஜூலை மாதம் முழுக்கவும் கிடையாது. 1986 வரை நாட்டில் இருந்ததே ஒரு சேனல்தான் என்பதால், வியாழன் மாலை எல்லார் வீட்டிலும் பெட்டி சும்மா கிடந்தது. முதல் வியாழக்கிழமை ஒளிபரப்பு 1987 அக்டோபர் 1-ம் தேதி.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் "பாவம், அவ்வளவு பின்தங்கியா இருந்தார்கள்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1970-ல் அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 2,04,000தான். டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் நாலு மணி நேரம் இருந்தாலே அதிகம். அந்த இருட்டில், அந்தக் குளிரில், தினமும் டிவி ஓடினால் யார் வீட்டை விட்டு இறங்குவார்கள்? பாட்டுக்குழு ஒத்திகை, சீட்டாட்டம், சதுரங்கம், உறவுக்காரர் வீடு என்று வெளியே கிளம்ப ஒரு மாலை மிஞ்சியது. சிம்பொனி இசைக்குழு தன் கச்சேரிகளை வியாழனில் வைத்தது, இன்றும் வைக்கிறது. அப்போது வானொலி நாடகமும் வியாழன் இரவில்தான்.

அதற்கு முந்தைய ஐஸ்லாந்தையும் நினைத்துப் பாருங்கள். புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் சுவரும் கூரையும் போட்ட வீட்டில் ஒரே நீள அறை. குளிர்காலம் முழுக்க எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்து கம்பளி நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் மட்டும் விளக்கருகே அமர்ந்து 'சாகா' என்கிற பழைய ஐஸ்லாந்துக் கதைகளை வாசிப்பார், இல்லையென்றால் 'ரீமூர்' என்கிற நீண்ட கதைப்பாடல்களை ராகம் போட்டுச் சொல்வார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது நடந்தது. அந்தக் கூடிவாழும் பழக்கத்துக்கு நவீன காலத்தில் விட்டுவைத்த ஒரு மாலைதான் வியாழன் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

செங்கோடன்:

இருக்கிறது கடலோடி.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். அது ஒரு சின்ன நிலையம். ஆட்கள் குறைவு, பணமும் குறைவு. ஊழியர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், அது வியாழன். கோடையில் விடுப்பு வேண்டும், அது ஜூலை. இதில் பண்பாட்டுத் திட்டம் எங்கே வந்தது? பற்றாக்குறையில் நடந்ததைப் பிறகு உட்கார்ந்து பெருமையாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது, மக்கள் டிவி வேண்டாம் என்று எப்போது சொன்னார்கள்? கெஃப்லாவிக்கில் அமெரிக்கப் படைத்தளம் இருந்தது. அங்கே வீரர்களுக்காக 1955-லேயே டிவி ஒளிபரப்பு வந்துவிட்டது. 60-களில் அதன் வீச்சு கூடியதும் ரெய்க்யவிக் வீடுகள் கெஃப்லாவிக் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துப் பார்த்தன. அரசு டிவி பிறக்கும் முன்னாடியே கூரைக்குக் கூரை ஆன்டெனா. 1964-ல் நாட்டின் பிரபலங்கள் 60 பேர் கையெழுத்துப் போட்டு, இதைத் தளத்துக்குள் மட்டும் நிறுத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 70-களில் அது நடந்தும் விட்டது. படித்தவர்கள் ஒரு பக்கம், பார்த்தவர்கள் ஒரு பக்கம்.

மூன்றாவது பீர். 1915-ல் முழு மதுவிலக்கு. ஸ்பெயின் "எங்கள் ஒயினை வாங்காவிட்டால் உங்கள் உப்புக்கருவாட்டை வாங்க மாட்டோம்" என்று நின்றதால் 1922-ல் ஒயின் வந்தது. 1935-ல் கடுஞ்சரக்கும் வந்தது. ஆனால் 2.25 சதவீதத்துக்கு மேற்பட்ட பீருக்கு மட்டும் 1989 மார்ச் 1 வரை தடை! வோட்கா பாட்டில் வாங்கலாம், ஒரு கிளாஸ் பீர் விற்றால் குற்றம். விமான ஊழியர்கள் பீர் கொண்டுவரலாம், பயணி கொண்டுவந்தால் பறிமுதல். 80-களில் மதுக்கூடங்களில் போதையேறாத லேசான பீரில் கடுஞ்சரக்கை ஊற்றிப் போலி பீர் விற்றார்கள், அதையும் 1985-ல் தடை செய்தார்கள். வளர்ந்த மனிதர்களைக் குழந்தைகள் மாதிரி நடத்திய அரசு இது. வியாழன் டிவியையும் அந்த மனநிலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இளவேனில்:

செங்கோடன் சார், 1964 மனுவை இப்படி ஒரே வரியில் ஒதுக்குவது நியாயமில்லை. 1944-ல்தான் அந்த நாடு குடியரசானது. இருபது வருஷம்கூட முழுசாக ஆகாத நிலையில், தலைநகரத்துப் பிள்ளைகள் பார்க்கிற ஒரே டிவி இன்னொரு நாட்டு ராணுவத்தின் டிவி. இரண்டு லட்சம் பேர் பேசுகிற ஒரு மொழிக்கு இதைவிட நேரான ஆபத்து வேறென்ன? அந்த மனுவும் அதைச் சுற்றி நடந்த சண்டையும் இல்லாவிட்டால், 1966-ல் சொந்த டிவி அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அப்புறம், வியாழனை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். நகரத்துப் பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்குப் பண்ணைக்கு அனுப்புகிற வழக்கம் அங்கே பல தலைமுறை நடந்தது. ரெய்க்யவிக்கில் பள்ளி முடிந்ததும் ஏழெட்டு வயதுப் பிள்ளை பெட்டியோடு பஸ் ஏறி, தாத்தா பாட்டி வீட்டுக்கோ உறவினர் பண்ணைக்கோ போய்விடும். இலையுதிர் காலம் வரை அங்கேதான். மாட்டை ஓட்டிவருவது, வைக்கோல் வாருவது, ஆட்டுக்குட்டியைக் கவனிப்பது. நகரத்தில் வளர்ந்தவர்களும் கிராமத்தை அறிந்திருந்தார்கள். இப்படி வளர்ந்த நாட்டில் வாரம் ஒரு நாள் டிவி இல்லாதது ஒரு குறையே இல்லை.

செங்கோடன்:

இளவேனில், அந்த வழக்கத்துக்கு இன்னொரு பெயர் கூலியில்லா வேலை. வைக்கோல் காலத்தில் மழைக்கு முன்னால் எல்லாம் உள்ளே போயாக வேண்டும். கை போதாது. பிள்ளைகள் அதற்காகத்தான் தேவைப்பட்டார்கள். நல்ல பண்ணையில் மாட்டிய பிள்ளைக்கு அது சொர்க்கம், மோசமான இடத்தில் மாட்டிய பிள்ளை மூன்று மாதம் யாரிடம் போய்ச் சொல்லும்? நல்ல நினைவு உள்ளவர்கள்தான் பின்னாளில் அதைப் பற்றி ஆசையாக எழுதுவார்கள்.

மீனாட்சி_சு:

நான் சில வருஷம் ரெய்க்யவிக்கில் வேலை பார்த்தேன். வீட்டு உரிமையாளர் எழுபது தாண்டிய அம்மா, மேற்கு ஃபியோர்டுப் பகுதியில் ஒரு பண்ணையில் பிறந்தவர். அவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் மூவருமே ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள்.

டிவி இல்லாத மாலையில் மக்கள் என்ன செய்தார்கள் என்றால், முதல் பதில் தொலைபேசியில் ஒட்டுக்கேட்டார்கள். கிராமத்தில் பல பண்ணைகளுக்கும் சேர்த்து ஒரே கம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் மணி அடிக்கிற விதம் தனி. இவர்கள் வீட்டுக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. யார் வீட்டு மணி அடித்தாலும் எல்லாரும் எடுப்பார்களாம். இவருடைய அம்மா ரிசீவரின் பேசும் பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார், சுவர்க்கடிகாரச் சத்தம் மறுமுனைக்குக் கேட்டால் யார் வீடு என்று தெரிந்துவிடும். ரொம்பப் பேர் எடுத்துவிட்டால் குரல் தேய்ந்துபோகும், அப்போது பேசுகிறவரே "கொஞ்சப் பேர் வையுங்கள், கேட்கவில்லை" என்பாராம். கையால் இணைக்கிற கடைசித் தொலைபேசிகள் 1986-ல்தான் போயின. யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் படகு திரும்பவில்லை என்பதெல்லாம் இப்படித்தான் தெரிந்தது. உதவியும் இப்படித்தான் வந்தது. ஒரு பெண் தன் கஷ்டத்தைத் தங்கையிடம் தனியாகச் சொல்ல வழியில்லாமல் போனதும் இதனால்தான்.

அடுத்தது, கடலோடி அண்ணா, வியாழன் மாலை உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதினீர்களே, அந்த வீட்டில் அடுப்படியில் நின்றது யார்? விருந்தாளி வந்தால் காபியோடு பலகாரம் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். க்ளெய்னுர் என்று ஒன்று. ஏலக்காய் போட்ட மாவைத் திரட்டி, சாய்சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு, ஒரு முனையை அந்தக் கீறல் வழியே இழுத்து முறுக்கிக் கொழுப்பில் பொரிப்பார்கள். அந்த அம்மா பேசிக்கொண்டே செய்வார், கை தன்பாட்டுக்கு ஓடும். "பத்து வயசிலிருந்து செய்கிறேன். என் அண்ணன்மார் அந்த நேரத்தில் சதுரங்கம் ஆடினார்கள்" என்றார். பகலில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை, மாலையில் இது.

1975 அக்டோபர் 24-ஐப் பேசாமல் அந்தக் காலத்து ஐஸ்லாந்தைப் பேச முடியாது. நாட்டின் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அன்று வேலைக்கும் போகவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. ரெய்க்யவிக் நகர மையத்தில் 25,000 பேர் கூடினார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சமைக்க எளிதென்று எல்லாரும் வாங்கியதில் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனது. அப்போது 60 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் பெண்கள் 3 பேர். மறு வருஷமே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் விக்திஸ் ஃபின்பொகாதோத்திர் என்ற பெண் ஜனாதிபதியானார், மகளைத் தனியாக வளர்த்தவர்.

வியாழன் நல்லதா கெட்டதா என்று கேட்டால், ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடலோடி:

மீனாட்சி, நீங்கள் சொன்ன அடுப்படிக் கணக்கு சரியானது. ஆனால் அது வியாழனுக்கு எதிரான வாதமாக எனக்குப் படவில்லை. டிவி ஓடிய மற்ற ஆறு நாளும் அதே பெண்தானே பாத்திரம் கழுவினார்? அக்டோபர் 24-க்கு முன்னால் எத்தனை கூட்டம் நடந்திருக்கும்! பெண்கள் சங்கங்கள், தொழிற்சங்கக் கிளைகள், கட்சி மகளிர் அணிகள் என்று வலதும் இடதும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதால்தான் 90 சதவீதம் சாத்தியமானது. நேரில் கூடிப் பழகிய சமூகத்தில்தான் அது நடக்கும்.

செங்கோடன், "வளர்ந்த மனிதர்களைக் குழந்தைகள் மாதிரி" என்றீர்கள். நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-லேயே பள்ளிகளில் நீச்சலைக் கட்டாயமாக்கினார்கள். மீனவ நாடு. கரையைப் பார்த்துக்கொண்டே மூழ்கியவர்கள் அங்கே ஏராளம். அந்தக் கட்டாயத்தால் ஊர் ஊராகக் குளங்கள் வந்தன. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் இருந்ததால் குளிர்காலத்திலும் திறந்தவெளியில் நீந்தினார்கள். பக்கத்திலேயே சின்னச் சின்ன வெந்நீர்த் தொட்டிகள். அமைச்சரும் மீனவரும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். இதுவும் அரசு கட்டாயப்படுத்தி வந்ததுதான். இதை யாரும் திணிப்பு என்பதில்லையே?

செங்கோடன்:

நீச்சலில் அரசு ஒன்றைக் கொடுத்தது. வியாழனிலும் பீரிலும் ஒன்றைப் பறித்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இளவேனில்:

பறித்ததெல்லாம் தப்பா சார்? ரெய்க்யவிக்கில் 1924-லிருந்து நாய் வளர்க்கத் தடை இருந்தது. காரணம் நாடாப்புழு. வீட்டில் ஆடு அறுப்பார்கள், நோயுள்ள குடலையும் ஈரலையும் நாய் தின்னும், நாயைத் தடவிய குழந்தைக்குப் புழு முட்டை போகும், பிறகு ஈரலில் கட்டி. ஐஸ்லாந்து முழுக்க ஆட்களைக் கொன்ற நோய் அது. நாயின் மேல் ஆசையுள்ளவர்களுக்கு வருத்தம்தான், ஆனால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

செங்கோடன்:

நல்ல உதாரணம், அதையே முழுசாகப் பார்ப்போம். நோய் அடங்கிப் பல பத்தாண்டு ஆன பிறகும் தடை நின்றது. 1984-ல்தான் உரிமம் வாங்கி வளர்க்கலாம் என்று தளர்த்தினார்கள். பீர்த் தடையும் அப்படி, வியாழனும் அப்படி. தொடங்கும்போது ஒரு காரணம் இருக்கும். காரணம் போன பிறகும் தடை தானாகப் போவதில்லை, யாராவது முட்ட வேண்டியிருக்கிறது. பீருக்கு ஒரு தொழிலதிபர் விமான நிலையத்தில் "ஊழியர் கொண்டுவரலாம், நான் கூடாதா" என்று சண்டை போட்டார், அதற்குப் பிறகு பயணிகளுக்கு அனுமதி வந்தது. ஒலிபரப்பில் அப்படி முட்டியது 1984 அக்டோபரில். அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் அரசு வானொலியும் டிவியும் நின்றன, அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் செய்தித்தாளும் இல்லை. உங்கள் கணக்குப்படி மக்கள் அப்போது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உரிமமில்லாத வானொலிகள் முளைத்தன, ஜனங்கள் அவற்றைத் தேடிக் கேட்டார்கள். 1986 ஜனவரியில் அரசின் ஏகபோகம் சட்டப்படி முடிந்தது. அந்த அக்டோபரிலேயே தனியார் சேனல் வந்து வியாழனிலும் ஒளிபரப்பியது. அரசு டிவி அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட வியாழன் விடுமுறையைக் காப்பாற்ற முடியவில்லை. மக்கள் அதை அவ்வளவு நேசித்திருந்தால் யாராவது தெருவில் இறங்கியிருப்பார்களே?

கடலோடி:

தெருவில் இறங்காததால் நேசிக்கவில்லை என்று ஆகுமா? போட்டி வந்ததும் ஒரு நிலையம் தனியாக மூடிக்கிடப்பதில் அர்த்தமில்லை, அவ்வளவுதான். எல்லார் வீட்டுப் பெட்டியும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால்தான் அந்த மாலைக்குப் பயன். ஒருவர் மட்டும் தன் வீட்டில் அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால், அங்கே எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். தனி மனிதர் ஒருவரால் தேர்ந்தெடுக்க முடியாத ஒன்று அது. அதனால்தான் அரசு செய்தது சரி என்கிறேன்.

மீனாட்சி_சு:

இந்தக் கடைசிப் பத்தி வலுவான வாதம், கடலோடி அண்ணா. ஆனாலும் அந்த அம்மாவிடம் நான் இதையே கேட்டிருக்கிறேன். அவருக்கு வியாழனில் பிடித்தது விருந்தாளி வராத வியாழன்தானாம். பிள்ளைகள் தூங்கியதும் வானொலி நாடகத்தை வைத்துவிட்டுப் பின்னல் எடுப்பார், கணவர் பாட்டுக்குழுவுக்குப் போயிருப்பார். டிவி நாட்களில் அந்தச் சத்தத்தில் பின்னல் கணக்குத் தப்பிவிடும் என்றார். ஆக அவருக்கும் டிவி இல்லாத மாலை வேண்டியிருந்தது, நீங்கள் சொல்கிற கூட்டத்துக்காக இல்லை, தனிமைக்காக.