சிறிய சோடியம் ஏன் பொட்டாசியக் கால்வாயில் நுழைவதில்லை?

கேள்வி:
வணக்கம். பதினோராம் வகுப்புக்குச் செல் சவ்வுப் பாடம் நடத்துகிறேன். சவ்வைச் சல்லடையோடு ஒப்பிட்டு, சிறியவை புகும், பெரியவை நின்றுவிடும் என்று சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, சோடிய அயனி பொட்டாசிய அயனியைவிடச் சிறியதாயிற்றே, பொட்டாசியம் போகிற கால்வாயில் (சவ்வில் பதிந்த புரதத் துளையில்) சோடியம் ஏன் போவதில்லை என்று கேட்டாள். நாளை சொல்கிறேன் என்று சமாளித்து வந்திருக்கிறேன். பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கும் துளை எப்படி இருக்க முடியும்?

பதில் 1:
சல்லடை உவமையைக் கைவிட்டுவிடுங்கள்; குழப்பமே அதில்தான் தொடங்குகிறது. சவ்வின் நடுவே ஏறத்தாழ 3 நானோமீட்டர் தடிமனுக்கு இருப்பது எண்ணெய்ப் பசையுள்ள கொழுப்பு வால்கள். அதில் கரையக்கூடிய ஸ்டீராய்டு ஹார்மோன், உருவில் பெரியதானாலும் ஊடுருவிச் செல்கிறது. மின்னூட்டம் கொண்ட அயனியோ, எவ்வளவு சிறியதானாலும், தன்னைச் சூழ்ந்த நீரை விட்டு அந்த எண்ணெய்க்குள் இறங்காது. வகுப்பில் பீட்ரூட் துண்டுகளை நன்றாக அலசி, பாதியைக் குளிர்ந்த நீரிலும் பாதியைக் கொதிநீரிலும் போட்டுக் காட்டுங்கள். குளிர்ந்த நீர் ஏறக்குறைய தெளிவாகவே நிற்க, கொதிநீர் மட்டும் சிவந்துவிடும். சூட்டில் சவ்வுகள் குலைந்து நிறமி வெளியேறுவதே காரணம்.

பதில் 2:
மாணவியின் கேள்விக்கு நேரான விடை 1998இல் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயை ராடெரிக் மெக்கின்னன் குழுவினர் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் படம்பிடித்தார்கள். (2003இல் வேதியியல் நோபல் பரிசை, நீர் செல்லும் கால்வாயைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேயுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.) கால்வாயின் மிகக் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக உள்நோக்கி நிற்கின்றன, அவை, பொட்டாசியத்தை நீரில் சூழ்ந்திருக்கும் ஆக்சிஜன்கள் எந்த இடைவெளியில் இருக்குமோ, அதே இடைவெளியில் அமைந்துள்ளன. ஆகவே பொட்டாசியம் தன் நீரை உதறிவிட்டு உள்ளே நுழைந்தாலும் அதற்கு ஆற்றல் நட்டமில்லை. அதன் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு), சோடியத்துக்கு 0.95தான். நீரை இழந்து உள்ளே வரும் சோடியத்துக்கு எல்லா ஆக்சிஜன்களும் ஒருசேர எட்டுவதில்லை என்பதால், நீரை இழந்த செலவு ஈடாகாது. நீரோடு வரவோ இடமில்லை. விநாடிக்குச் சுமார் பத்துக் கோடி பொட்டாசியம் கடக்கும் அந்த வழியில், பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்கூடச் சோடியம் நுழைவது அரிது.

பதில் 3:
மேலே சொன்னது சரியே, ஆனால் அந்த வளையங்கள் கல்லில் செதுக்கியவை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. புரதம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருப்பது. அந்த அதிர்வின் அளவே, இரு அயனிகளின் ஆர வேறுபாடான 0.38 ஆங்ஸ்ட்ராமை மிஞ்சக்கூடும். சோடியத்தை நெருங்கிச் சூழ முயலும்போது ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற வாதம் வலுவானது. எனக்கு அதுவே கூடுதலாகப் பொருந்துகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று பீட்ரூட்டோடு போய் விளக்கினேன். அதே மாணவி, அப்படியானால் சோடியக் கால்வாய் பொட்டாசியத்தை எப்படித் தடுக்கிறது என்று அடுத்த கேள்வியை வைத்துவிட்டாள்!

பதில் 2:
அங்கே துளை சற்று அகலம். சோடியம் தன் நீரில் ஒரு பகுதியைச் சுமந்தபடியே போய்விடும். அந்தக் கால்வாய் இவ்வளவு கறாரானதும் அல்ல. பொட்டாசியமும் ஓரளவு கசியத்தான் செய்கிறது.