சட்டம்பி என்றால் வாத்தியாரா, வேறா?

குளக்கட்டு: கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில், படிவத்தை நீலப் பேனையால் நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அம்மம்மா "அவன் சரியான சட்டம்பி" என்றா. விதியைப் பிடித்துத் தொங்குகிற ஆளுக்கும் அந்தச் சொல் பொருந்துமா?

பாலைப்பழம்: பொருந்தும், ஆனால் நக்கலாகத்தான். பழைய பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளை மேய்க்கிற மாணவத் தலைவன்தான் சட்டாம்பிள்ளை, எங்கள் பக்கம் சட்டம்பியார் என்றால் வாத்தியார். கேரளத்துத் துறவி சட்டம்பி சுவாமிகளுக்கும் (1853–1924) வகுப்புத் தலைவனாக இருந்ததால் வந்த பெயர்தான் அது, ஆனால் இன்றைய மலையாளத்தில் சட்டம்பி என்றால் ரவுடி, அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்!

வீரைமரம்: முல்லைத்தீவில் நாங்கள் "சட்டம் கதைக்கிறான்" என்போம். கறார் வேறு. கடைக்காரர் கடனில் கறாராக இருந்தால் அதில் நியாயம் இருக்கும், பேனை நிறத்தில் என்ன நியாயம்?

குளக்கட்டு: அப்போ தொழிற்சங்கங்கள் செய்கிற 'சட்டப்படி வேலை'?

பாலைப்பழம்: அது போராட்டம் அண்ணை. விதியில் உள்ளதை மட்டும் செய்து வேண்டுமென்றே வேலையை இழுப்பது. உங்கட ஆள் தான் இழுப்பது தெரியாமலே இழுக்கிறார்.

குளக்கட்டு: சரி, நாளைக்கு நீலப் பேனையோடு போகிறேன்.