கையிருப்பு தீர்ந்தாலும் 1 என்றே காட்டியது: கோ ஸ்ட்ரக்டை மாங்கோடிபியில் எழுதிய அனுபவம்

மருந்துக் கடைகளுக்கான கையிருப்பு மென்பொருள் ஒன்றைக் கோ மொழியில் எழுதி, தரவை மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில், ஒவ்வொரு பதிவும் ஓர் ஆவணமாக, வைத்திருக்கிறோம். அதில் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். இதே வழியில் போனவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

ஒரு நாள் கடைக்காரர் ஒருவர் அழைத்து, அலமாரியில் ஒரு பெட்டிகூட இல்லாத மருந்துக்குத் திரை இன்னமும் கையிருப்பு 1 என்று காட்டுவதாகச் சொன்னார். பத்து ஐந்தானால் சரியாகப் பதிகிறது, ஐந்து ஒன்றானாலும் பதிகிறது, ஒன்று பூஜ்ஜியமாகும் இடத்தில் மட்டும் கணக்கு அப்படியே நின்றுவிடுகிறது. லாக் கோப்பில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. கழித்தலும் சரியாகவே நடந்திருந்தது. அரை நாள் தேடிய பிறகுதான் ஸ்ட்ரக்டில் (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் கோ மொழி வகை) அந்தப் புலத்தின் ஓரமாக, பின்சாய்ந்த மேற்கோள் குறிகளுக்குள் இருந்த பிசான் டேக்கில் (மாங்கோடிபியின் ஆவண வடிவமான பிசானில் அந்தப் புலத்தை எப்படி எழுதுவது என்ற குறிப்பு) என் கண் பட்டது. புலத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆமிட்எம்ப்டி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

அந்தச் சொல்லுக்குப் பொருள், மதிப்பு காலியாக இருந்தால் ஆவணத்தில் எழுதாதே என்பது. கோ மொழியில் முழு எண்ணுக்குக் காலி என்று தனியாக ஒரு நிலை கிடையாது, பூஜ்ஜியம்தான் காலி. முழு ஸ்ட்ரக்டையும் 'செட்' கட்டளைக்குக் கொடுத்தபோது, பூஜ்ஜியமாகிவிட்ட கையிருப்புப் புலத்தை டிரைவர் (நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் நூலகம்) கழற்றிவிட்டு மற்றவற்றை மட்டும் அனுப்பியது. வந்த புலங்களை மட்டும் மாற்றுவதே 'செட்' கட்டளையின் வேலை என்பதால், தரவுத்தளம் பழைய 1-ஐத் தொடவேயில்லை. இரு தரப்பும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டன.

அவசரத்தில் எல்லாப் புலங்களிலிருந்தும் அந்தச் சொல்லை நீக்கினேன். அது அடுத்த வினை. விலையை மட்டும் மாற்றும் ஒரு திரை, ஸ்ட்ரக்டில் விலையை மட்டும் நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது நிரப்பாத புலங்கள் எல்லாம் பூஜ்ஜியமாகவும் வெற்றுச் சரமாகவும் (சரம் என்பது எழுத்துத் தொடர்) போய் நல்ல தரவின் மேல் உட்கார்ந்துகொண்டன. கடைசியில், திருத்தங்களுக்கென்று தனி ஸ்ட்ரக்ட் ஒன்றை வைத்து, அதன் புலங்களைப் பாயின்டர்களாக்கி (மதிப்பு இருக்கும் இடத்தைச் சுட்டுபவை), 'ஆமிட்எம்ப்டி'யை அவற்றில் மட்டும் திரும்பப் போட்டேன். பாயின்டர் 'நில்' என்றால், அதாவது எதையும் சுட்டாவிட்டால், புலம் போகாது; பூஜ்ஜியத்தைச் சுட்டினால் பூஜ்ஜியம் போகும். கையிருப்பைப் பொறுத்தவரை அதுவும் அரைகுறைத் தீர்வுதான். இரண்டு கவுன்டர்களில் ஒரே நேரத்தில் பில் போட்டால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார் என்பதால், அந்தப் புலத்தை இப்போது, தரவுத்தளத்தில் உள்ள எண்ணிலேயே கூட்டிக் கழிக்கும் 'இன்க்' கட்டளையால் மட்டுமே குறைக்கிறோம்.

இதிலிருந்து எனக்குப் பிடிபட்டது ஒன்று. ஆவணத்தில் ஒரு புலம் இல்லாமல் இருப்பது, 'நல்' (மதிப்பு இல்லை) என்று இருப்பது, பூஜ்ஜியம் என்று இருப்பது ஆகியவை மூன்று வேறு நிலைகள். சாதாரண முழு எண் புலமாகப் படித்தால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. தேடலிலும் இந்தக் குழப்பம் உண்டு: ஒரு புலம் 'நல்' ஆக உள்ள ஆவணங்களைக் கேட்டால், அந்தப் புலமே இல்லாத ஆவணங்களும் சேர்ந்து வருகின்றன.

தேதியிலும் ஒரு முறை அடிபட்டேன். பிசான் தேதி என்பது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிவினாடிகள் மட்டுமே. நேர மண்டலம் அதில் சேமிக்கப்படுவதில்லை. மருந்தின் காலாவதி நாளை இந்திய நேரப்படி ஜூன் 1 நள்ளிரவு என்று எழுதினால், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் மே 31 மாலை 18:30 என்று பதியும். படிக்கும்போது டிரைவர் யுடிசியாகவே திருப்பித் தருகிறது. அதை அப்படியே அச்சிட்டதால் லேபிளில் ஒரு நாள் குறைந்துபோனது. காலாவதி நாளை இப்போது ஆண்டு, மாதம், நாள் கொண்ட சரமாகவே வைக்கிறோம். கோ மொழியின் நேர வகை நானோவினாடி வரை வைத்திருக்க, பிசான் மில்லிவினாடியோடு நின்றுவிடுவதால்தான் எழுதியதையும் படித்ததையும் ஒப்பிடும் சோதனைகளும் தோற்கின்றன.

* * *

நான் சி ஷார்ப் மொழியில் வேலை செய்பவன். அங்கே நிலைமை நேர்மாறு. வகுப்பில் (கோ மொழியின் ஸ்ட்ரக்டைப் போன்றது) இல்லாத ஒரு புலம் ஆவணத்தில் இருந்தால், டிரைவர் இயல்பாகவே விதிவிலக்கை, அதாவது பிழையை, எறிந்து நின்றுவிடும். புதிய புலம் ஒன்றைச் சேர்த்த பதிப்பை ஒரு சர்வரில் மட்டும் ஏற்றினோம். அது எழுதிய ஆவணங்களைப் பழைய பதிப்பில் ஓடிய சர்வர்களால் படிக்க முடியாமல், பத்தே நிமிடத்தில் எல்லாத் திரைகளும் சிவந்துவிட்டன. கூடுதல் புலங்களைப் பொருட்படுத்தாதே என்ற குறிப்பை வகுப்பின் தலையில் போட்டதும் அடங்கியது. ஆனாலும் கோ மொழியின் மௌனத்தைவிட இந்தக் கூச்சலையே நான் விரும்புவேன்.

எனக்குச் சத்தமில்லாமல் நடந்தது விலையில். டிரைவரின் 2-ஆம் பதிப்பு வரிசையில், தசம எண்களுக்கான டெசிமல் வகையை நாமாக ஒன்றும் சொல்லாவிட்டால் சரமாகவே எழுதிவிடும். ஆவணத்தைத் திறந்து பார்த்தபோது விலையைச் சுற்றி மேற்கோள் குறிகள் இருந்ததைப் பல மாதங்கள் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். விலை வாரியாக வரிசைப்படுத்தும் வசதியைச் சேர்த்த நாளில், 20 ரூபாய்ப் பொருளுக்கு முன்னால் 100 ரூபாய்ப் பொருள் வந்து நின்றது. மாங்கோடிபி 3.4 முதலே டெசிமல்128 என்ற தசம எண் வகை இருக்கிறது. புலத்தின்மேல் அதைக் குறிப்பிட்டு, பழைய ஆவணங்களையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

வாரிசு வகுப்புகளை (ஒரு வகுப்பிலிருந்து விரிந்த வகுப்புகள்) சேமிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவும். எந்த வகுப்பு என்பதை அடிக்கோட்டுடன் கூடிய டி என்ற புலத்தில் வகுப்பின் பெயராலேயே டிரைவர் எழுதிவைக்கிறது. அழகான பெயராக இருக்கட்டும் என்று நிரலில் வகுப்பின் பெயரை மாற்றினால், பழைய ஆவணங்கள் அடையாளம் தெரியாதவை ஆகிவிடும்.

* * *

முதலில் எழுதியவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். கோ டிரைவர் தெரியாத புலங்களைப் பேசாமல் தாண்டிப் போகிறது என்பது படிக்கும்போது வசதிதான். படித்த ஸ்ட்ரக்டை 'ரிப்ளேஸ்' கட்டளையால் முழுதாகத் திருப்பி எழுதும்போது, அந்தத் தெரியாத புலங்கள் ஆவணத்திலிருந்து காணாமல் போகும். எங்களுடைய பழைய இரவுப் பணி நிரல் ஒன்று, புதிய பதிப்பு பகலில் எழுதிய ஒவ்வாமைக் குறிப்புகளை ஒவ்வோர் இரவும் இப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரக்டின் கடைசியில் ஒரு மேப் (பெயரும் மதிப்புமான இணைகள்) புலத்தை வைத்து 'இன்லைன்' என்று டேக் போட்டால், தெரியாதவை எல்லாம் அதில் வந்து தங்கி, எழுதும்போது பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சி ஷார்ப்பிலும் இதற்கு இணையான வசதி உண்டு.

அதே 'இன்லைன்', உட்பொதிந்த ஸ்ட்ரக்டுக்கும் (ஒன்றுக்குள் வைத்த இன்னொரு ஸ்ட்ரக்ட்) வேண்டும். ஜேசானாக (எழுத்து வடிவத் தரவு) எழுதும்போது தானாகவே விரிந்துகொள்ளும் உள் ஸ்ட்ரக்ட், பிசானில் துணை ஆவணமாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். டேக் போடாத புலப்பெயர்கள் முழுக்கச் சிறிய எழுத்துகளாக மாறுவதும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய எழுத்து கலந்த பெயரால் தேடினால் பிழை வராது, விடைதான் வராது.

* * *

முதலில் எழுதியவனே மீண்டும் வருகிறேன். விலையைப் பற்றிப் படித்ததும் எங்கள் ஆவணத் தொகுப்பிலும், புலத்தின் வகையைக் கொண்டு தேடும் 'டைப்' வினவலைப் போட்டு, விலை சரமாக இருக்கும் ஆவணங்களைத் தேடிப் பார்த்தேன். பதினான்கு வந்தன, எல்லாம் முன்பு ஒரு எக்செல் கோப்பிலிருந்து ஏற்றியவை. இத்தனை நாளும் அந்த மருந்துகளைத் திறக்கும்போது டிகோட் பிழை (ஆவணத்தை ஸ்ட்ரக்டாக மாற்ற முடியாத பிழை) வந்திருக்க வேண்டும், வந்துமிருக்கிறது. பிழை வந்தால் அந்த வரியை விட்டுவிடும்படி நான் எழுதியிருந்ததால், அவை பட்டியலிலேயே தெரியவில்லை. அவற்றை மாற்றி எழுதிவிட்டு, விலைப் புலத்துக்கு, வகை சரியா என்று பார்க்கும் ஜேசான் ஸ்கீமா சரிபார்ப்பை இன்று தொகுப்பிலேயே போட்டிருக்கிறேன்.