போத்தல் பால் குடிக்கும் ஏழு வாரக் குழந்தை நடுவிலேயே முறுகி அழுகிறான்

கேள்வி – ஒரு பெரியம்மா, ஒட்டுசுட்டான்

வணக்கம். பிரசவத்தின் பின்னர் என் தங்கை கடுமையாக நோயுற்று, அவள் எடுக்கும் மருந்துகளின் காரணமாகத் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் கூறிவிட்டதால், அவளுடைய மகனுக்கு நானே பால்மா கரைத்துப் போத்தலில் கொடுத்து வருகிறேன். கடைசியாக நிறுத்தபோது 4.5 கிலோ இருந்தான். நாளொன்றுக்கு எட்டுத் தடவை, தடவைக்கு 120 மில்லிலீற்றர் கொடுக்கிறேன். ஐந்து நிமிடத்தில் முக்கால் போத்தல் முடிந்துவிடுகிறது. பின்னர் சூப்பியைத் துப்பி, முதுகை வில்லாக வளைத்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுகிறான். பால்மா விற்கும் விலைக்கு மிச்சத்தை ஊற்ற மனம் வராததால், தேற்றித் தேற்றி முழுவதையும் புகட்டி விடுகிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கும் அழுகை இரவு ஒன்பது மணி வரை ஓய்வதில்லை. காய்ச்சல் இல்லை. அம்மா ஓமத் தண்ணீர் பருக்கச் சொல்கிறார். அயலவர்கள் பால்மாவை மாற்றச் சொல்கிறார்கள். இதற்குள் இரண்டு வகை மாற்றிவிட்டேன்.

பதில் – இரண்டு பிள்ளைகளின் தாய், விசுவமடு

அக்கா, பால்மாப் பேணியை மாற்றுவதற்கு முன்னர் சூப்பியை ஒருமுறை பாருங்கள். என் மூத்தவன் இப்படியே அழுதபோது, பால் வரவில்லைப் போலும் என்று எண்ணி, ஊசியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சூப்பியின் துளையைப் பெருப்பித்தோம். அதன்பின் அழுகை இரட்டிப்பாயிற்று. கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) அந்தப் போத்தலை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தார். பால் சொட்டாமல் கம்பி போல் ஓடியது. "இந்த வேகத்தில் உங்களுக்கு ஊற்றினால் விழுங்குவீர்களா?" என்று கேட்டார். பிள்ளை மூச்சுவிட முடியாமல் பாலோடு காற்றையும் விழுங்கியிருக்கிறான். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழும் சிறு துளையுள்ள புதிய சூப்பியை அன்றே வாங்கினோம்.

பிடிக்கும் விதமும் முக்கியம். பிள்ளையை மடியில் சற்று நிமிர்த்தி வைத்து, போத்தலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிடையாகப் பிடித்து, சூப்பியில் பால் நிறைந்திருக்கப் பாருங்கள். இடையிடையே நிறுத்தித் தோளில் சாய்த்து ஏவறை எடுக்க விடுங்கள். ஒரு தடவைப் பால் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்தால் பரவாயில்லை. குடித்த கையோடு ஏணையிலும் போட வேண்டாம். அதில் உடல் வளைந்து வயிறு மடிகிறது. இருபது நிமிடமாவது நிமிர்த்தி வைத்திருந்துவிட்டு, மட்டமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி

மேலே விசுவமடுத் தங்கை எழுதியது சரி. நான் அளவைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வயதில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 150 முதல் 200 மில்லிலீற்றர் வரை போதும். உங்கள் பிள்ளைக்கு அது 675 முதல் 900 வரை. நீங்கள் கொடுப்பதோ 960. அவன் முகத்தைத் திருப்பினால் அதுவே போதுமென்று சொல்லும் மொழி. ஆகவே 90 அளவில் கரைத்து, மிஞ்சுவதைத் தயங்காமல் ஊற்றிவிடுங்கள்.

முதலில் தண்ணீரை அளந்து, அதன்பின் பேணியோடு வந்த கரண்டியால் தலைதட்டி மாவைப் போடுங்கள். குவித்துப் போட்டால் பால் தடித்து மலச்சிக்கல் வரும். கிணற்று நீரோ சுத்திகரித்து விற்கும் நீரோ, கொதிக்க வைத்து அரை மணி நேரத்துக்குள், சூடு 70 பாகை செல்சியஸுக்குக் குறையுமுன் கரைத்து, பின் ஆற்றிக் கொடுக்க வேண்டும். நுரை எழக் குலுக்கினால் அந்தக் குமிழ்களும் வயிற்றுக்குள்தான் போகும். மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள்.

ஓமத் தண்ணீரோ வேறு கைமருந்தோ ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். மாலை அழுகை ஆறாவது வாரமளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணிவது பல பிள்ளைகளிடம் காணும் இயல்பே. ஆனால் பச்சை நிறச் சத்தி, ஒவ்வொரு பாலுக்கும் பின் பீச்சியடிக்கும் சத்தி, மலத்தில் இரத்தம், நிறை கூடாமை, 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்; வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

கேட்டவர் – நான்கு நாட்களின் பின்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் சூப்பியும் கவிழ்த்தபோது ஓடத்தான் செய்தது. புதிய சூப்பியில் இப்போது கால் மணி நேரம் குடிக்கிறான். முதுகை வளைப்பது நின்றுவிட்டது. மாலையில் இன்னும் அழுகிறான், ஆயினும் தோளில் போட்டு முற்றத்தில் நடந்தால் அடங்குகிறான். இரவுப் பாலை முன்கூட்டியே கரைத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலில் வைக்கலாமா?

பதில் – ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி

வேண்டாம், பிள்ளை. இளஞ்சூட்டுப் பாலில் கிருமி விரைவாகப் பெருகும். கொதித்த நீரை மட்டும் அதில் ஊற்றி வையுங்கள். மாவைக் காய்ந்த சுத்தமான டப்பாவில் அளந்து வைத்து, அவன் எழும்பும்போது கரையுங்கள்.