மறு: ‘லெகசி டேட்டாபேஸ்’ – முதுசத் தரவுத்தளம் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். ‘லெகசி டேட்டாபேஸ்’ என்பதற்கு ‘முதுசத் தரவுத்தளம்’ என்று நான் முன்வைத்த சொல்லுக்கு (முதுசம் என்றால் முன்னோர் வழி வந்த சொத்து) வந்த கேள்விக்குப் பதில் இது.

> ‘மரபுத் தரவுத்தளம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. புதிதாக இன்னொன்று எதற்கு?

உள்ளதுதான் ஐயா. ஆனால் இலங்கையில் ‘மரபுரிமை’ என்றால் சிகிரியா, காலிக் கோட்டை. சொல்லைக் கேட்டதுமே, தொடாமல் தூர நின்று பார்க்கவேண்டிய சாமான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பொருள்நோக்கு நிரலாக்கம் படிப்பிக்கிறவர்களும் இன்ஹெரிட்டன்சுக்கு அதே வேரை எடுத்துவிட்டார்கள். ‘பழைய தரவுத்தளம்’ இன்னும் மோசம். பழசு என்பதா இங்கே சிக்கல்? இருபது வருடப் பழசென்றாலும், செய்தவர் பக்கத்து மேசையில் இருந்தால் எவரும் அதை லெகசி என்று சொல்வதில்லை. போன வருடம் செய்ததுதான், ஆனால் செய்தவர் ஒரு குறிப்பும் எழுதிவைக்காமல் வெளிநாடு போய்விட்டார் என்றால் அது லெகசி. செய்தவர் இல்லை, சாமான் ஓடுகிறது, நிறுத்தவும் முடியாது. இந்த மூன்றும் சொல்லில் தெரியவேண்டும்.

மட்டக்களப்பில் என் கையில் வந்து சேர்ந்ததைச் சொல்கிறேன். நெல் விவசாயிகளின் பதிவு. கந்தோரின் (அலுவலகத்தின்) பெயர் வேண்டாம். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது, பெயர்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். அதாவது திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். எழுத்துருவைக் கழற்றினால் ஒன்றும் விளங்காது. இது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. தெரியாதது அடுத்தது. மைஎஸ்கியூஎல் 8.0 இற்கு முந்திய பதிப்புகளில் நாமாக ஒன்றும் குறிப்பிடாவிட்டால் லத்தீன்-1 எழுத்துத்தொகுதியும் சுவீடன் மொழி வரிசையும் (எழுத்துகளை ஒப்பிடவும் அடுக்கவும் உள்ள விதி) தானாக வரும். அந்த வரிசை பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எண்ணும். பாமினியிலோ சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. ஆகவே ‘கடை’ என்று தேடினால் ‘குடை’யும் சேர்ந்து வரும். அகரவரிசை கேட்டால் கந்தையா முன்னுக்கு, அருமைநாயகம் பின்னுக்கு. எஃப் எம்முக்கு முந்தியது அல்லவா! சுவீடன்காரருக்கு நம்முடைய கந்தையாவை எங்கே தெரியப்போகிறது.

அடையாள அட்டை எண்ணுக்குப் பத்து எழுத்து அகலம். ஒன்பது இலக்கமும் வீ அல்லது எக்ஸும் இருந்த காலத்தில் அது சரி. 2016 இலிருந்து 12 இலக்க அட்டை வந்தது. பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை போடாத தரவுத்தளம் கடைசி இரண்டு இலக்கத்தையும் வெட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கையை யாரும் பார்க்காத இடத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். ஒரே நாளில் பிறந்த இருவர் ஒரே ஆளாகத் தெரியலாம்.

இன்னொரு புலத்தின் பெயர் ‘குறிப்பு2’. பெறுமதி 1, 2, 9. முதலிரண்டும் பெரும்போகம், சிறுபோகம் என்ற இரு நெற்பருவங்கள் என்று ஊகிக்கலாம். ஒன்பது? கணினி தெரிந்த ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் இளைப்பாறிய வட்டை விதானை (வயல்வெளிக்கும் வாய்க்கால் நீருக்கும் பொறுப்பானவர்) ஒருவர்தான் படிவத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: காணி வேறொருவருடையது, செய்கிறவர் குத்தகைக்காரர். அந்த அறிவு எந்த அட்டவணையிலும் இல்லை, ஆளிடம் இருந்தது.

இதற்குத்தான் ‘முதுசம்’ என்கிறேன். முது, சொம்; சொம் என்றால் சொத்து. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையிலும் இருக்கிறது, மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டத்திலும் இருக்கிறது, ஆகவே யாழ்ப்பாணச் சொல் என்று தள்ளவேண்டாம். முதுசக் காணி கைக்கு வரும்போது எல்லைத் தகராறும் ஈடும் வழிவிட்ட வாய்ச்சொல்லும் சேர்ந்தே வரும். வேண்டியதை மட்டும் எடுக்க ஏலாது. முதுச மென்பொருள், முதுச நிரல், முதுசத் தரவு என்று புணர்ச்சியும் இடறவில்லை. நாமே கட்டியதற்குத் ‘தேட்டத் தரவுத்தளம்’ என்று எதிர்ச்சொல்லும் கிடைக்கிறது; தேட்டம் என்றால் தானே தேடிய சொத்து (இது பாதிப் பகிடி).

பொறுப்பெடுக்கும் வேலைக்கு ‘பாரமெடுப்பு’. கந்தோர்களில் சாவிக்கொத்தும் இருப்புப் புத்தகமும் பாரமெடுக்கிறோம். தரவுத்தளத்தையும் அப்படியே எடுக்கலாம், கையெழுத்துப் போட்டு, என்ன குறை என்று எழுதி.

*

கல்முனையிலிருந்து:

தம்பி, பாரமெடுப்புக்கு நான் கை தூக்கிட்டன். முதுசத்துக்குத்தான் யோசனை. எங்கட பக்கம் ‘எமது முதுசம்’ எண்டு பழைய வள்ளத்துக்கும் பாக்குவெட்டிக்கும் கண்காட்சி வைக்கிறாங்க. நீங்க மரபுக்குச் சொன்ன குற்றம் இதுக்கும் வருமே? தமிழ்நாட்டு ஆக்களுக்கும் விளங்காது.

*

கல்முனை நானாவுக்கு: கண்காட்சி விசயம் சரி. ஆனால் கண்காட்சிக்காரர் பெயர்ச்சொல்லாகத் தனியே வைக்கிறார்கள். காணிக்கு முன்னால் அடையாக வந்தால் இன்றைக்கும் சனம் சொத்து என்றுதான் எடுக்கும். நாம் எப்போதும் அடையாகத்தான் வைக்கப்போகிறோம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு முதல் தடவை ஒரு வரி விளக்கம் போடலாம். ‘தரவுத்தளம்’ கூட ஒரு காலத்தில் விளங்காத சொல்தானே.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தத் தரவுகளை யூனிக்கோடுக்கும் புதிய சேவையகத்துக்கும் கொண்டுபோகும் வேலைக்கு, அதாவது மைகிரேஷனுக்கு, ‘இடம்பெயர்வு’ என்று யாரோ பட்டியலில் போட்டிருக்கிறார்கள். யுத்தமும் 2004 சுனாமியும் பார்த்த ஊரில் அந்தச் சொல்லை ஒரு அட்டவணைக்கு வைக்க எனக்கு மனமில்லை. ‘தரவு நகர்த்தல்’ போதும். மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.